திரும்பி வரும் படிவம்

பிறந்த மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்தில் வாழும் நமக்குப் படிவங்களோடு உறவு சற்று மிகுதி. சொந்த ஊரில் இருப்பவருக்கு முகவரி ஒன்று. நமக்கோ ஊர் முகவரி, குடியிருக்கும் முகவரி என இரண்டு. அவருக்குப் பெயர் எழுதும் வழக்கம் ஒன்று. நமக்கு நம் வழக்கமும் உண்டு, வாழும் மண்ணின் வழக்கமும் உண்டு. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதும், கல்வி உதவித்தொகை கேட்பதும், ஆதாரில் முகவரி மாற்றுவதும், வங்கியில் கணக்குத் தொடங்குவதும் இன்று பெரும்பாலும் இணையப் படிவத்தின் வழியே நடைபெறுகின்றன.

முன்னாளில் அலுவலகச் சாளரத்தின் முன் வரிசையில் நின்று தாளை நீட்டுவோம். எழுத்தர் அதனை மேலும் கீழும் பார்ப்பார். "இங்கே கையொப்பம் இல்லை, அங்கே தேதி பிழை" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார். முகம் சுளித்துக் கொடுத்தாலும் காரணம் சொல்லிக் கொடுப்பார். இன்று நிலைமை வேறு. திரையில் எல்லாக் கட்டங்களையும் நிரப்புகிறோம். ஒவ்வொன்றின் அருகிலும் பச்சைக் குறி தோன்றுகிறது. மனநிறைவோடு "சமர்ப்பி" என்னும் பொத்தானை அழுத்துகிறோம். "விவரம் செல்லாது, மீண்டும் முயல்க" என்று சிவப்பில் ஒரு வரி வந்து நிற்கிறது. எந்த விவரம், ஏன் செல்லாது என்பதற்கு விளக்கமில்லை. மீண்டும் முயன்றாலும் அதே வரி. இதற்கிடையே விண்ணப்பத்தின் இறுதி நாள் நெருங்கிவிடுகிறது.

அந்த நேரத்தில் பலர் செய்வது யாது? ஏதேனும் ஒன்றை மாற்றிப் பார்க்கிறார்கள். பெயருக்குப் பின் ஒரு புள்ளி வைக்கிறார்கள். இல்லாத குடும்பப் பெயர் ஒன்றைப் படைக்கிறார்கள். அன்றைய படிவம் போய்விடுகிறது. ஆனால் அந்த மாற்றம் ஒரு பதிவாக நிலைத்து, ஆண்டுகள் கழித்து இன்னொரு படிவத்தைத் திருப்பி அனுப்புகிறது. இதனை நம் குடும்பங்கள் உணர்தல் வேண்டும் என்பதற்காகவே இத்திங்கள் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

இரண்டு சோதனைகள்

இணையப் படிவம் இரண்டு இடங்களில் சோதிக்கப்படுகிறது. முதற் சோதனை நம் கைப்பேசியிலோ கணினியிலோ உள்ள உலாவிக்குள்ளேயே நடக்கிறது. இரண்டாவது, படிவத்தைப் பெறும் அலுவலகத்தின் கணினியில் நடக்கிறது. அதனைச் சர்வர் என்று வழங்குகிறோம்.

நாம் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாயிலை எண்ணிப் பார்த்தால் இவ்விரண்டின் வேறுபாடு விளங்கும். வாயிற்காவலர், வருபவர் தம் பெயரையும் செல்லவேண்டிய வீட்டின் எண்ணையும் பதிவேட்டில் எழுதினாரா என்று பார்ப்பார். அந்த வீட்டார் அவரை எதிர்பார்க்கிறார்களா என்பது உள்ளே கேட்டால்தான் தெரியும். உலாவி வாயிற்காவலரைப் போன்றது. கட்டம் நிரம்பியதா, எண் இருக்கவேண்டிய இடத்தில் எண் இருக்கிறதா என்பதை அது பார்க்கும். உண்மை எது என்பதற்கான பதிவேடு அதனிடம் இல்லை. அது சர்வரிடம் உள்ளது.

இணையத்தின் தொடக்க நாள்களில் இந்த வாயிற்காவலர் கிடையாது. சிறு பிழையானாலும் சர்வர் வரை சென்று திரும்பியே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 1995-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் உலாவிக்காக பிரெண்டன் ஐக் என்பவர் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கிய பின்னரே பக்கத்திலேயே பிழையைக் கண்டு சொல்லும் வழி பிறந்தது. 2014-இல் எச்.டி.எம்.எல். ஐந்தாம் பதிப்பு நிலைபெற்றபோது, "இக்கட்டம் கட்டாயம்", "இவ்வடிவில் எழுதுக" என்பன போன்ற விதிகளை உலாவியே நடைமுறைப்படுத்தும் முறை உறுதியாயிற்று. இவையெல்லாம் நம் நேரத்தைக் காக்கும் வசதிகள்.

பக்கத்தில் ஒருமுறை சோதித்த பின் சர்வர் மறுபடியும் சோதிப்பதேன் என்று கேட்கலாம். பக்கம் இயங்குவது நம் கருவியில். அதிலுள்ள சோதனையை நீக்கிவிடவும், உலாவியே இல்லாமல் சர்வருக்கு நேராக விவரம் அனுப்பவும் தொழில் தெரிந்தவரால் இயலும். ஆதலின் வந்ததை நம்பிவிடாமல் முதலிலிருந்து சோதிப்பது சர்வரின் கடமை. அவ்வாறு சோதிக்காத சர்வர் தன்னிடமுள்ள மக்களின் விவரங்களைக் காக்க மாட்டாது. எனவே பச்சைக் குறி என்பது "எழுதிய வடிவம் சரி" என்னும் அளவே. "எழுதிய செய்தி சரி" என்று சொல்லும் உரிமை சர்வருக்கே உண்டு.

ஆதார் எண்ணை எடுத்துக்கொள்வோம். அதில் 12 இலக்கங்கள் உள்ளன. இறுதி இலக்கம், முந்திய 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படும் காப்பு இலக்கம். டச்சுக் கணித அறிஞர் யாக்கோபஸ் வெர்ஹூஃப் 1969-இல் வெளியிட்ட முறையைத் தழுவியது இது. ஓர் இலக்கம் பிழைபட்டாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் இம்முறை கண்டுபிடித்துவிடும். இக்கணக்கை உலாவியே போட்டுப் பார்க்கலாம். ஆனால் கணவர் தம் படிவத்தில் மனைவியின் ஆதார் எண்ணை மறந்து எழுதிவிட்டால், கணக்குச் சரியாகவே வரும். பச்சைக் குறியும் தோன்றும். எண்ணுக்கு உரியவர் யார் என்பதைப் பதிவேட்டோடு ஒப்பிடும் சர்வரே மறுக்கும்.

வடிவம் சரி, பொருள் பழையது

ஊரில் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் அன்பர்களுக்கு நேரும் இடர் ஒன்று. பணம் அனுப்புவதற்குரிய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் 11 குறிகள் உண்டு. முதல் நான்கு எழுத்துகள் வங்கியைக் குறிக்கும். ஐந்தாவது சுழியம். எஞ்சிய ஆறும் கிளையைக் குறிக்கும். இவ்வமைப்பைப் பக்கம் எளிதிற் சோதிக்கும். ஆனால் 2020 ஏப்ரல் 1-ஆம் நாள் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. அவ்வாண்டு நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கி இந்தியாவோடு இணைக்கப்பட்டது. அதன் பின் கிளைகளின் குறியீடுகள் மாறின. பழைய கணக்குப் புத்தகத்தைப் பார்த்து எழுதினால் 11 குறிகளும் பிழையின்றி இருக்கும், பக்கம் ஏற்கும், சர்வர் மறுக்கும். கணக்கு எண்ணை எத்தனை முறை சரிபார்த்தும் பயன் இராது. புதிய குறியீட்டை வங்கியிலோ புதிய காசோலையிலோ பார்த்து எழுதுவதே வழி.

அஞ்சல் குறியீட்டு எண்ணும் இவ்வகையே. 1972 ஆகஸ்டு 15-இல் நடைமுறைக்கு வந்த இந்த ஆறிலக்க எண்ணின் முதல் இலக்கம் வட்டாரத்தைக் காட்டும். தமிழ்நாடும் கேரளமும் 6-இல் தொடங்கும். மகாராஷ்டிரம் 4-இல், தில்லி 1-இல், மேற்கு வங்கம் 7-இல், கருநாடகம் 5-இல் தொடங்கும். நிலையான முகவரிக்குத் திருநெல்வேலியை எழுதிவிட்டு, "இரு முகவரியும் ஒன்றே" என்னும் கட்டத்தில் கை தவறிக் குறியிட்டுவிட்டால், மாநிலம் தமிழ்நாடாகவும் எண் மாதுங்காவின் 400019 ஆகவும் நிற்க நேரலாம். தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரியானவை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் சர்வர் மறுத்துவிடும்.

தேதியிலும் கவனம் தேவை. நாம் நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுவோம். சில தளங்கள் மாதத்தை முன் வைக்கும். நாள் 12-ஐக் கடந்திருந்தால் பக்கம் விழித்துக்கொள்ளும், 13-ஆம் மாதம் என ஒன்று இல்லையாதலின். ஆகஸ்டு 5 மே 8 ஆகிவிட்டால் எந்தப் பக்கமும் ஐயுறாது. பிறந்த நாளைப் பதிவேட்டோடு ஒப்பிடும்போதே வேற்றுமை வெளிப்படும்.

பெயர் என்னும் பெரும் சிக்கல்

மேற்கூறியவையெல்லாம் திருத்தக்கூடிய சிறு பிழைகள். நம்மவரை மெய்யாகவே வருத்துவது பெயர்.

மும்பையில் வாழும் முருகன் என்பவருக்குக் கயல்விழி என ஒரு மகள் இருப்பதாகக் கொள்வோம். நம் வழக்கப்படி அவள் மு. கயல்விழி. தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாக நிற்கும்; குடும்பப் பெயர் என ஒன்று இல்லை. அவள் சேரும் மும்பைப் பள்ளியின் படிவத்தில் மூன்று கட்டங்கள் உள்ளன: தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர். அம்மாநிலத்து மக்களின் வழக்கத்துக்கு அது முற்றிலும் பொருந்தும். 2024 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் பெயரில் தாயின் பெயரையும் சேர்க்கவேண்டும் என்று அம்மாநில அரசு முடிவு செய்ததால் இப்போது நான்கு உறுப்புகள் ஆகின்றன. கயல்விழிக்கு இறுதிக் கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை. அதுவோ கட்டாயக் கட்டம். ஆகவே பள்ளியில் முருகன் என்று இருமுறை எழுதுகிறார்கள். ஆதாரில் தலைப்பெழுத்தோடு நிற்கிறாள். வங்கியில் தலைப்பெழுத்து பின்னால் போய்விடுகிறது. இன்னோர் இடத்தில் புள்ளி ஒன்று குடும்பப் பெயராகிறது. ஒவ்வோர் இடத்திலும் பக்கம் ஏற்றுக்கொண்டது. பச்சைக் குறியும் வந்தது.

அவள் கல்லூரிக்கு வந்து உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நாளில், சர்வர் இப்பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடத் தொடங்குகிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சர்வருக்கு இவர்கள் நான்கு பேர். இதோடு ழகரமும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது அதனை இசட், எச் என்னும் இரண்டெழுத்தால் குறிப்பவரும் உண்டு. எல் என்று எழுதிவிடுபவரும் உண்டு. தமிழ் அறியாத எழுத்தர் காதால் கேட்டு எழுதினால் மூன்றாவது ஒரு வடிவும் பிறக்கும். இதன் பயனாக ஓராண்டு உதவித்தொகை அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமற் போகலாம். அவளது தகுதியில் குறைவில்லை; குறைவு பதிவுகளில் உள்ளது.

பான் அட்டையிலும் இவ்வேறுபாடு பதிந்துவிடுகிறது. அதன் 10 குறிகளில் நான்காவது எழுத்து அட்டை யாருக்கு உரியது என்பதைக் காட்டும். தனிமனிதருக்கு அது பி. ஐந்தாவது, குடும்பப் பெயரின் முதலெழுத்து. விண்ணப்பிக்கும்போது முருகன் என்பதைக் கடைசிப் பெயராக எழுதியிருந்தால் அவ்வெழுத்து எம். ஒற்றைப் பெயர் உடையவளாகக் கயல்விழி என்றே எழுதியிருந்தால் அது கே. பானை ஆதாரோடு இணைக்கும்போது பெயர், பிறந்த நாள், பால் ஆகிய மூன்றும் ஒப்பிடப்படும். விலக்குப் பெற்றோர் நீங்கலாக, இணைக்கப்படாத பான் 2023 ஜூலை 1 முதல் செயலிழக்கும் என விதித்தபோது, பெயர் பொருந்தாமையால் அலைந்தவர் நம்மிடையே பலர்.

கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட இடமுண்டு. அது நமக்கு உகந்த விதியே. ஆயினும் அயல்நாட்டுச் சர்வர்கள் அதனை ஏற்கும் என்பதற்கு உறுதியில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடுகள், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டோடு சுற்றுலா, வருகை நுழைவிசைவில் வருவோரை ஏற்பதில்லை என அறிவித்தன. தந்தையின் பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கம் தந்தன.

ஆகவே நாம் கூறுவது இது. ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வடிவை முடிவு செய்யட்டும். தலைப்பெழுத்தை விரித்து, தந்தை பெயரைப் பின்னால் வைத்து, ஆங்கில எழுத்துகளையும் உறுதி செய்து ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் அடித்தளம். ஆதார், பான், வங்கி ஆகியவை அவற்றின்மேல் எழுபவை. திருத்தமும் அவ்வரிசையிலேயே நடைபெறல் வேண்டும். ஆதாரில் பெயரை வாணாளில் இருமுறையும், பிறந்த நாளை ஒருமுறையும் மாற்றவே பொது விதி இடந்தருகிறது. ஒரு படிவத்தின் அவசரத்துக்காக அவ்வாய்ப்பைச் செலவிடலாகாது.

தமிழெழுத்தைச் சர்வர் எண்ணும் விதம்

தமிழிலேயே நிரப்பக்கூடிய படிவங்களும் இன்று உண்டு. அங்கே வேறொரு நுட்பம் இருக்கிறது. கயல்விழி என்னும் பெயரில் நம் கண்ணுக்கு 5 எழுத்துகள். யூனிகோடு முறையில் புள்ளியும் கொம்பும் விசிறியும் தனித்தனிக் குறிகள் ஆதலின் 8 குறிகள். அவற்றை யு.டி.எஃப். 8 என்னும் முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள் வீதம் 24 பைட்டுகள். 20 வரை எழுதலாம் என்ற கட்டத்தில் பக்கம் 8 என எண்ணி விட்டுவிடும். பின்னால் உள்ள தரவுத்தளம் பைட்டுகளால் அளப்பதாயின் 24 எனக் கண்டு தள்ளிவிடும். படிவத்தை அமைத்தவர் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்திருப்பார். ஆங்கிலத்தில் ஓரெழுத்துக்கு ஒரு பைட்டு என்பதால் அவருக்கு இக்குறை தென்பட்டிராது.

இன்னொன்று: பொன்னி என்னும் பெயரின் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் அமைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒழுங்குபடுத்தாமல் ஒப்பிடும் சர்வருக்கு அவை வெவ்வேறு சொற்கள். பிறர் அனுப்பிய செய்தியிலிருந்து பெயரை வெட்டி ஒட்டினால், கண்ணுக்குப் புலனாகாத இடைவெளிக் குறிகளும் உடன் வந்துவிடுவதுண்டு. ஆதலின் படிவத்தில் பெயரை ஒட்டாமல் கையாலேயே உள்ளிடுக.

மூத்தோர் சிலர் ஆங்கிலப் பக்கத்தையோ இந்திப் பக்கத்தையோ உலாவியின் மொழிபெயர்ப்பு வசதியால் தமிழாக்கிப் படிக்கிறார்கள். படிப்பதற்கு அது நல்ல துணை. ஆனால் சில பக்கங்களில், பட்டியலிலிருந்து மாநிலத்தையோ பாலையோ தேர்ந்தெடுக்கும்போது, மொழிபெயர்த்த சொல்லே சர்வருக்குப் போய்விடும். ஆங்கிலச் சொல்லை எதிர்பார்க்கும் சர்வர் தமிழ்ச் சொல்லைக் கண்டு மறுக்கும். மொழிபெயர்ப்பில் படித்து, மூலப் பக்கத்தில் நிரப்புவதே தக்கது.

மறுத்தவர் யார் என்று அறிதல்

படிவம் திரும்பினால் எதையும் மாற்றுமுன், மறுத்தது பக்கமா, சர்வரா என்று அறிக. பொத்தானை அழுத்திய அந்நொடியே குறிப்பிட்ட கட்டம் சிவந்தால் பெரும்பாலும் மறுத்தது பக்கம். சுழலும் குறி தோன்றிச் சிறிது நேரம் கழித்து மறுப்பு வந்தால் அது சர்வர். ஐயமிருப்பின், நிரப்பியதைத் திரைப்படமாக எடுத்து வைத்துக்கொண்டு, இணைய இணைப்பை நிறுத்திவிட்டு அழுத்திப் பார்க்கலாம். இணைப்பின்றியும் அதே பிழைச் செய்தி வருமாயின் சர்வருக்கு அதில் பங்கில்லை.

வீட்டில் கணினி பயின்ற பிள்ளைகள் இருந்தால், எஃப் 12 விசையை அழுத்தி, நெட்வொர்க் என்னும் பகுதியில் சர்வரின் மறுமொழி எண்ணைப் பார்க்கச் சொல்க. 4-இல் தொடங்கும் எண்ணாயின் நாம் அனுப்பியதில் ஏதோ ஏற்கப்படவில்லை. 409 என்றால் முன்பே உள்ள பதிவோடு முரண்படுகிறது. 413 என்றால் அனுப்பிய கோப்பு பெரிது. 422 என்றால் வடிவம் புரிந்தது, உள்ளடக்கம் ஏற்கத்தக்கதன்று. 429 என்றால் அளவுக்கு மீறி முயன்றுவிட்டோம். 5-இல் தொடங்கும் எண்ணாயின் குறை அவர்களிடம். அப்போது பெயரையும் தேதியையும் மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. சிறிது நேரம் கழித்து முயல்வதே முறை. சில தளங்கள் 200 என நல்ல எண்ணையே காட்டிவிட்டு உள்ளே மறுப்பை எழுதி வைப்பதும் உண்டு. ஆதலின் எண்ணோடு அதன் உள்ளிருக்கும் சொற்களையும் படித்தல் நன்று.

விவரம் முழுதும் சரியாக இருந்தும் சர்வர் மறுக்கும் காரணங்கள் சில உள. படிவத்தைத் திறந்தபோது நமக்கு மறைமுகமாக ஒரு சீட்டு தரப்படுகிறது. குறித்த நேரம் கடந்தால் அது செல்லாது. சான்றுகளைத் தேடித் தேடி மெல்ல நிரப்பும் மூத்தோர் இதனால் இடர்ப்படுகிறார்கள். எல்லாத் தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு அமர்வது இதற்கு மருந்து. ஒரே படிவத்தை இரண்டு சாளரங்களில் திறந்து வைப்பதும் இக்கேட்டை விளைக்கும்.

நிழற்படத்திலும் ஒரு பொறி உண்டு. ஜே.பி.ஜி. கோப்பு கேட்டால், வேறு வகைக் கோப்பின் பெயரின் ஈற்றை மட்டும் அவ்வாறு மாற்றிச் சிலர் அனுப்புகிறார்கள். பக்கம் பெயரைப் பார்த்து விட்டுவிடும். சர்வர் கோப்பைத் திறந்து பார்த்து மறுக்கும். பெயரை மாற்றுதல் போதாது. கோப்பையே அவ்வகையாக மாற்றிச் சேமித்தல் வேண்டும்.

பணம் செலுத்தும் படிவமாயின் ஓர் எச்சரிக்கை. அழுத்திய பின் பக்கம் நின்றுவிட்டால் மறுபடி அழுத்தற்க. முதல் முறை அனுப்பியது சர்வரை அடைந்து, மறுமொழி மட்டும் வழியில் தவறியிருக்கலாம். வங்கிக் கணக்கைப் பார்த்துப் பணம் போயிற்றா என அறிந்த பின்னரே அடுத்த செயல்.

படிவம் அமைக்கும் இளைஞர்க்கு

பெங்களூரிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் மென்பொருள் எழுதுவோரில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர். நாட்டு மக்கள் நிரப்பும் படிவங்களுள் சில அவர்கள் கையால் உருவாகின்றன. அவர்களிடம் நாம் உரிமையோடு வேண்டுவன சில.

பக்கத்தில் ஒரு விதியும் சர்வரில் வேறொரு விதியும் வைக்காதீர். இரண்டும் ஓரிடத்திலிருந்து எடுக்கப்படட்டும். சர்வர் மறுக்கும்போது எந்தக் கட்டம், ஏன் என்பதை அக்கட்டத்தின் அருகிலேயே எழுதட்டும். பிழைகள் ஐந்து இருந்தால் ஐந்தையும் ஒருசேரச் சொல்லட்டும். ஒன்றைத் திருத்திய பின் அடுத்தது என ஐந்து முறை அலைக்கழிக்க வேண்டா. நிரப்பியதை அழித்துவிட்டு வெறும் படிவத்தைத் திருப்பித் தருவது பெருங்கொடுமை. கடவுச்சொல் பிழையானால் மட்டும் காரணத்தை விரித்துச் சொல்லாதிருத்தல் முறையே. இன்னாருக்கு இங்கே கணக்குண்டு என்று அயலார் அறிந்துகொள்ள அது இடமளிக்குமன்றோ? மற்ற இடங்களில் மௌனத்துக்குக் காரணமில்லை.

பெயருக்கு ஒரே கட்டம் போதும். பிரிக்க வேண்டுமாயின் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்காதீர். ஓரெழுத்துத் தலைப்பை மறுக்காதீர். முன்னும் பின்னும் உள்ள இடைவெளியைச் சர்வரே நீக்கிக்கொள்ளட்டும். யூனிகோடு வடிவை ஒழுங்குபடுத்திய பின் ஒப்பிடட்டும். ஒரு படிவத்தை முடித்ததும், குடும்பப் பெயரில்லாத உங்கள் பாட்டியின் பெயரைத் தமிழில் எழுதிச் சோதித்துப் பாருங்கள். அவர் பெயர் தேறினால் அப்படிவம் இந்நாட்டில் பலருக்குப் பயன்படும்.

இல்லத்தார் நினைவிற்கு

1. ஒவ்வொருவர் பெயரையும் ஒரே வடிவில் எழுதிய தாள் வீட்டில் இருக்கட்டும். நிரப்புவோர் யாராயினும் அதைப் பார்த்தே நிரப்புக.

2. இறுதி நாளுக்கு முன் ஒரு வாரமேனும் இருக்கும்போது தொடங்குக. பெயர்த் திருத்தத்துக்கு வாரங்கள் ஆகலாம்.

3. மறுப்பு வந்தால் ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க. மூன்றை ஒருங்கே மாற்றினால் எது பிழை என்பது தெரியாது போகும்.

4. பிழைச் செய்தியை நாள், நேரத்தோடு படமெடுத்து வைக்க. முறையீடு செய்யும்போது அதுவே சான்று.

5. உண்மையில்லாத எதையும், பச்சைக் குறி பெறுவதற்காக எழுதற்க. புள்ளி ஒன்றும் இதில் அடங்கும்.

6. ஒருமுறைக் கடவுச்சொல்லைத் தெருமுனைக் கடைக்காரரிடமோ தொலைபேசியில் அழைப்பவரிடமோ சொல்லற்க. உதவி கேட்டுப் படம் அனுப்பும்போது ஆதார் எண்ணை மறைத்து அனுப்புக.

நம் சங்கத்து இளைஞர்கள் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மூத்தோர்க்கும் முதன்முறை விண்ணப்பிக்கும் மாணவர்க்கும் அருகிலிருந்து உதவினால் அது பெருந்தொண்டாகும். முன்பு சாளரத்துக்கு அப்பால் இருந்த எழுத்தர் சொன்ன காரணத்தை இன்று யாரேனும் ஒருவர் இப்பாலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

பிள்ளைக்குப் பெயரிடும்போது எத்தனையோ எண்ணி இடுகிறோம். தாய்வழிப் பாட்டி ஒன்று சொல்ல, தந்தைவழித் தாத்தா ஒன்று சொல்ல, எல்லோரும் கூடி ஒன்றை ஏற்கிறோம். அப்பெயர் எந்தக் கட்டத்துக்கும் அஞ்சித் திரிபடையாமல், பள்ளிச் சான்று முதல் ஓய்வூதியப் புத்தகம் வரை ஒன்றாகவே சென்று சேர்வதாக. அதற்கான சிறு முயற்சியை அன்பர்கள் இத்திங்களே தத்தம் இல்லத்தில் தொடங்குவார்களாக.